ஏழு நாள் கப்பலில் போரடிக்குமா?

அலாஸ்கா போகும் கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சியாட்டிலில் இருக்கும் மகன் சொன்ன அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். "ஏழு நாள் கப்பலுக்குள்ளேயே உட்கார்ந்து என்ன பண்றது?" கேட்டவர் என் வீட்டுக்காரர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் ஏதாவது ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். திருச்சிக்குத் திரும்பியதும் தெருவில் எல்லோரும் கேட்பதும் அதையேதான். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

போரடித்தது. இரண்டாம் நாள்.

முதல் நாள் சியாட்டிலில் ஏறியபோது நேரம் போனதே தெரியவில்லை. அறையைத் தேடிப் பிடிப்பது, ஆபத்து என்றால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று பார்த்து வருவது, மாடி மாடியாகச் சுற்றுவது. மறுநாள் முழுக்கக் கடல்தான். வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் கப்பல் போகிறது. கரை தெரியவில்லை, போனில் சிக்னல் இல்லை, வைஃபைக்குத் தனிக் காசு. முந்தின இரவே அறையில் நிகழ்ச்சித் தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வினாடி வினா, பிங்கோ, நடன வகுப்பு, துண்டை மடித்து யானை செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று காலை ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொன்றாக ஓடினேன். மதியம் மூன்று மணிக்கு பிங்கோ கூடத்தில் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனசு கனத்துப்போனது. சும்மா உட்கார்ந்திருந்து வந்த அலுப்பில்லை அது. ஓடி ஓடி வந்த அலுப்பு.

எழுந்து அவரைத் தேடிப் போனேன். பின்பக்கத்துத் திறந்த தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கப்பல் கிழித்துவிட்டு வந்த தண்ணீர், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போல அடிவானம் வரை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரங்களில் மட்டும் ஒரு பச்சை. இறக்கையை அசைக்காமலே ஒரு பறவை அலைக்கு மேலே சரிந்து சரிந்து கூடவே வந்தது.

"கையை இங்க வை" என்றார்.

கம்பியில் உள்ளங்கையை வைத்தேன். சன்னமாக ஒரு அதிர்வு, கொதி வரப்போகும் பாத்திரத்தின் மூடியைத் தொட்டது போல. சற்று நேரம் அப்படியே நின்றோம். "இப்ப குறைக்கிறான் பார்" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அறைக்கு வந்து, கப்பலின் வேகத்தையும் இடத்தையும் காட்டும் டிவி சேனலைப் போட்டோம். வெளியே கிளம்புமுன் அவர் பார்த்த வேகத்தைவிட இரண்டு நாட் (கப்பல் வேகத்தின் அளவு) குறைந்திருந்தது. முப்பத்து நான்கு வருடம் என்ஜின்களைத் தொட்ட கை! அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அதே இடத்தில் நின்று கையை வைத்துப் பார்ப்போம். நான்காவது நாள் எனக்கே பிடிபட்டது. அந்தச் சந்தோஷத்தை எந்த வகுப்பும் எனக்குக் கொடுக்கவில்லை.

அலாஸ்காவில் கப்பல் நின்ற ஊர்களில் ஜூனோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு முழுக்க மழை. இன்னொரு ஊரான ஸ்காக்வேயில் ஒரு மலை ரயில் உண்டு. தங்கம் தேடி ஆட்கள் குவிந்த காலத்தில், 1898இல் போட ஆரம்பித்து 1900இல் முடித்த பாதை. நம் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், இது அதைவிடவும் குறுகல், மூன்றே அடி. ஊட்டி ரயிலுக்கு என்ஜின் செய்த ஒர்க்‌ஷாப்காரரை அதில் உட்கார வைத்தால் கேட்க வேண்டுமா? இறங்கவே மனமில்லை அவருக்கு.

ஐந்தாம் நாள் கிளேசியர் பே, பனியாறுகள் இறங்கிவரும் வளைகுடா, ஒரு தேசியப் பூங்கா. கரையில் இறங்குவது கிடையாது, நாள் முழுக்கக் கப்பல்தான். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து, ஓடுகிற கப்பலில் ஏணி பிடித்து ஏறினார்கள். 1794இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் ஆட்கள் வந்தபோது இந்த வளைகுடாவே கிட்டத்தட்ட முழுக்க ஒரே பனிப்பாறையாக இருந்ததாம். இன்று நூறு கிலோமீட்டர் உள்ளே போனால்தான் மார்ஜரி பனியாற்றைப் பார்க்க முடிகிறது. அதன் முன்னால் கப்பல் என்ஜினைத் தணித்து நின்றது. ஒரு மைல் அகலத்துக்கு நீலமும் வெள்ளையுமாகச் சுவர். யாரும் பேசவில்லை. திடீரென்று ஒரு துண்டு சரிந்து விழுந்தது. கண் பார்த்து முடித்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. அங்குள்ள டிலிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்பார்கள் என்று ரேஞ்சர் அம்மா சொன்னார். குளிரில் விறைத்துப்போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கால் வலித்தது பிறகுதான் தெரிந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தம்பி ஒருவர் பரிமாறினார். முதல் நாளே நம் பேச்சைக் கேட்டுவிட்டு, "அம்மா, ரசம் வேணும்னா கிச்சன்ல சொல்றேன்" என்றார். எட்டு மாத ஒப்பந்தம், முழு நாள் விடுமுறை என்று ஒன்று கிடையாது, மகளுக்கு ஒன்றரை வயது. உங்களுக்கு இங்கே அலுப்பாக இருக்காதா தம்பி என்று கேட்டேன். "அலுப்பாக நேரம் எங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். எனக்குக் கேட்டிருக்க வேண்டாமே என்று ஆகிவிட்டது.

யாருக்குப் போரடிக்கும் என்று கேட்டால், போனை விட்டு இருக்க முடியாதவர்களுக்கு நிச்சயம் கஷ்டம். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். நிகழ்ச்சித் தாளில் ஒன்றோ இரண்டோ போதும். பைனாகுலரும் நல்ல ஸ்வெட்டரும் அவசியம். அப்புறம், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசாவை மறக்காதீர்கள். வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்காவில் ஏற்றிய ஆட்களைச் சுற்றிக் காட்டி அமெரிக்காவிலேயே இறக்குவதானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நிறுத்துகிறார்கள். நாங்கள் அங்கே இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு, சீக்கிரமே கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். கம்பியில் கை வைக்க அந்த ஓர் இரவுதான் மிச்சமிருந்தது.