ஜனவரியில் கரீபியன் க்ரூஸ் போகலாமா? முதலில் வரைபடத்தை விரியுங்கள்

டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் முதல் பனி விழுந்ததும் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: ஒரு வாரம் வெயிலில் இருந்துவிட்டு வரலாமா, கப்பலில் போகலாமா? போகலாம். ஆனால் எந்தக் கப்பல் பெரியது, எதில் சறுக்குமரம் இருக்கிறது என்று தேடுவது அப்புறம். அந்தக் கப்பல் எவ்வளவு தெற்கே போகிறது என்பதுதான் முதல் கேள்வி. குளிர்காலத்தில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மலிவாகக் கண்ணில் படுபவை மூன்று, நான்கு நாள் பகாமாஸ் பயணங்கள். மயாமியில் மாலை ஏறினால் மறுநாள் காலை நசாவு. ஆனால் நசாவு இருப்பது வட அட்சம் 25 டிகிரியில், கடகரேகைக்கும் வடக்கே. ஜனவரியில் அங்கே பகல் வெப்பம் சராசரியாக 25 டிகிரி செல்சியஸ், இரவில் 17, 18. கடல்நீர் 23, 24. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட அமெரிக்காவிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாளில் வானம் மூடி, பகலிலேயே 20 டிகிரியை ஒட்டி நிற்கும். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கும் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் பல் கிட்டிக்க ஓடிவருவார்கள். நடக்கவும் ஊர் பார்க்கவும் அது நல்ல காலநிலை. கடலில் கிடக்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு அது சரிவராது.

இன்னும் தெற்கே போனால் கதை வேறு: பார்படோஸ் வட அட்சம் 13 டிகிரியில், கியூராசோ 12 டிகிரியில். அங்கே ஜனவரியிலும் கடல்நீர் 26, 27 டிகிரி; பகல் 28, 29. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கத்துத் தீவுகளில் பெரும்பாலும் மழை குறைந்த காலம். ஃபுளோரிடாவிலிருந்து ஏழே நாளில் அவ்வளவு தெற்கே போய்த் திரும்புவது கடினம். அதனால் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலைத் தேடுங்கள். விமானச் செலவு கூடும். பதிலுக்கு ஏறக்குறைய தினமும் ஒரு தீவு. இரண்டுக்கும் நடுவே செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டன் போகும் ஏழு நாள் கிழக்குக் கரீபியன் பயணம் இருக்கிறது. அதில் மூன்று நாள் நடுக்கடலிலேயே போகும். புத்தகமும் தூக்கமும் போதும் என்பவர்களுக்கு அதுவே சுகம்.

இனி காற்று. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால் குளிர்காலத்தில் சூறாவளிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பருவத்துக்கென்று இரண்டு காற்று உண்டு. ஒன்று, டிசம்பர் நடுவிலிருந்து வலுக்கும் கிழக்குக் காற்று. தீவுக்காரர்கள் கிறிஸ்துமஸ் காற்று என்கிறார்கள். ஃபுளோரிடாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல் இதை எதிர்த்துத்தான் போக வேண்டும். முன்பக்கத் திறந்த தளங்களைச் சில நாள் பூட்டிவிடுவார்கள்.

மற்றது வடக்குக் காற்று, மெக்சிகோவில் நோர்த்தே. கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுன் மேற்குக் கரையில் இருக்கிறது. கிழக்குக் காற்றைத் தீவே மறைத்துவிடுவதால் வழக்கமாக அங்கே கடல் குளம்போல் கிடக்கும். வடமேற்கிலிருந்து காற்று திரும்பினால் அதே கரை திறந்தவெளி. போதாததற்கு அங்கே பெரிய கப்பல் அணைந்து நிற்கத் துறைமேடை கிடையாது, டெண்டர் எனும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் வயிற்றில், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு கதவு திறக்கும். வெளியே படகு ஒரு முழம் ஏறி, ஒரு முழம் இறங்கிக்கொண்டிருக்கும். இரு பக்கமும் நிற்கும் ஊழியர்கள் உங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடிக்காகக் காத்திருந்து, 'இப்போ' என்பார்கள். அந்த ஒரு நொடியில் கால் எடுத்து வைக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறீர்களானால் இதைக் கட்டாயம் யோசியுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களைக் கடல் கொஞ்சம் எழும்பினாலே இறக்க மறுத்துவிடுவார்கள். பயணத்திட்டத்தில் துறைமுகப் பெயருக்குப் பக்கத்தில் டெண்டர் என்று போட்டிருக்கிறதா என்று பதிவு செய்வதற்கு முன்பே பாருங்கள்.

கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் பயணக் கட்டணம் திரும்பாது. அந்தத் துறைமுகத்துக்கான வரியும், கப்பலிலேயே பதிவு செய்த சுற்றுலாக் கட்டணமும் மட்டும் கணக்கில் வரும். வெளியாளிடம் முன்பணம் கட்டியிருந்தால், கப்பல் வராத நாளுக்குப் பணம் திருப்பித் தருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தில் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் நிதானமாக இருக்க வேண்டும். கப்பல் தொடும் எல்லா நாட்டுக்கும் ஆவணம் சரியாக இருந்தால்தான் ஏற விடுவார்கள். கீழே இறங்கவே மாட்டேன் என்று சொல்வது பெரும்பாலும் எடுபடாது. மார்ட்டினிக், குவாதலூப் இரண்டும் பிரான்சுக்குச் சொந்தம் என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் வருவதில்லை, அதற்கு விதி தனி. அமெரிக்காவில் எச்1பி வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. முப்பது நாளுக்குள் திரும்பி வருகிறவர்களுக்குப் பழைய முத்திரையோடு நுழைய ஒரு சலுகை உண்டு. ஆனால் எச்1பி-க்கு அது கனடா, மெக்சிகோ போய்வரும் பயணத்துக்கு மட்டும். கரீபியன் தீவுகளுக்கும் அது பொருந்துவது மாணவர்களும் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்களும் வைத்திருக்கும் எஃப், ஜே விசாக்களுக்குத்தான். பார்படோஸ் போய்விட்டுத் திரும்பும்போது சான் ஹுவான் துறைமுகத்தில் இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

தேதி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்கள், பிப்ரவரியில் பிரசிடெண்ட்ஸ் டே வாரம், மார்ச் பள்ளி விடுமுறை இவையெல்லாம் விலை உச்சம். நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள் கழிந்து டிசம்பர் நடு வரையும், ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரையும் விலை இறங்கும். பிள்ளைகளின் பள்ளி இடம் கொடுத்தால் ஜனவரிதான் என் தேர்வு. போட்ட விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். டிப்ஸ் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர். நான்கு பேர் ஏழு நாள் என்றால் சுமார் 450 முதல் 560 டாலர் வரை போகும், கைக்குழந்தைக்கும் சில கம்பெனிகளில் உண்டு. வைஃபை தனி, மது தனி, சோடா தனி. மீதிப் பணம் கட்டும் கடைசி நாள் பொதுவாகப் பயணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்பு. அதற்கு முன் விலை இறங்கினால் போன் செய்து குறைக்கச் சொல்லலாம். அதற்குப் பின் பெரும்பாலும் நடக்காது.

கேபின் கப்பலின் நடுவே, கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. முன்முனையும் மேல்தளமும் ஊஞ்சல். குமட்டல் மாத்திரையைத் தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்; ஏறும்போதே எடுத்து வைத்துவிட்டுக் கடைசி நாள்தான் தருவார்கள். ஊறுகாய்ப் பொட்டலமும் பருப்புப் பொடியும் மூடி பிரிக்காமல் இருந்தால் பொதுவாகப் பிரச்சினையில்லை. சைவச் சாப்பாட்டுக்கு முதல் நாள் இரவே ஹெட் வெய்ட்டரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். சமையலறையில் இந்தியர்கள் இருந்தால் மறுநாள் மெனுவில் இல்லாத பருப்பும் சப்பாத்தியும் வரும்.

குளிர்காலம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் பரவும் காலமும்கூட. கை சுத்தம் செய்யும் ஜெல்லுக்கு அது அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுவதுதான் வழி. கப்பல் டாக்டருக்குப் பணம் கட்ட வேண்டும். ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் வெளிநாட்டு மருத்துவச் செலவில் சொற்பம்தான் தரும். தீவிலிருந்து விமான ஆம்புலன்ஸ் செலவையும் சேர்த்த காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள்.

கையில் இருப்பது நான்கே நாள் என்றால் கப்பலை விட்டுவிட்டு டொமினிக்கன் குடியரசின் பூன்ட்டா கானா மாதிரி ஓர் ஊருக்கு நேராகப் பறந்துவிடுங்கள். கப்பல் கரையில் நிற்பது எட்டு மணி நேரம்; அங்கே நான்கு நாளும் கடல் உங்களுடையது.

கப்பல்தான் என்று முடிவானால், விமானத்தை முந்தைய நாளுக்குப் போடுங்கள். ஜனவரியில் ஒரு பனிப்புயல் வந்தால் நியூ ஜெர்சியின் நூவர்க்கிலும் டொராண்டோவின் பியர்சனிலும் விமானம் நின்றுவிடும், கப்பல் நிற்காது. திரும்பி வரும் நாளில் நண்பகலுக்கு முந்தைய விமானம் வேண்டாம். பெட்டி இறங்கி, குடிநுழைவு வரிசை தாண்ட நேரமாகும். கனத்த கோட்டுகளை மட்டும் ஒரு தனிப் பையில் சுருட்டிப் பெட்டியின் அடியில் வையுங்கள், அது வீடு திரும்பும் இரவுக்கு.