9 ரூபா டிராவல்ஸா, 14 ரூபா டிராவல்ஸா?

திருச்சில இருந்து ரெண்டு நாள்ல நவக்கிரக கோயில் ஒன்பதும் பாத்துட்டு வரலாம்னு டிசையர் கார் ஒண்ணு வாடகைக்கு விசாரிச்சோம். மொத டிராவல்ஸ்ல கிலோமீட்டருக்கு 14 ரூபா, டிரைவர் பேட்டா நாளைக்கு 500, ஆனா நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர்னாங்க. இன்னொருத்தர் நாள் வாடகை 2,000, ஓடுற கிலோமீட்டருக்கு 9 ரூபா, பேட்டா 400னாரு. மச்சான் உடனே "9 எங்க 14 எங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு"ன்னுட்டாரு.

எனக்கு மனசு ஒப்பல. செலவ கிராஃபா வரைஞ்சா 9ங்கறது கோட்டோட சாய்வு மட்டும்தானே, அந்தக் கோடு எங்க ஆரம்பிக்குதுன்னும் பாக்கணும்ல. பையனோட ரஃப் நோட்ட எடுத்து ஓடுற தூரம் xனு வச்சேன். டோல், பார்க்கிங், திருநள்ளாறு காரைக்கால்ல இருக்கறதால பெர்மிட், இதெல்லாம் ரெண்டு பேருமே தனின்னு சொல்லிட்டாங்க, அதனால ரெண்டு பக்கமும் அடிச்சாச்சு. மிச்சம், ரெண்டு நாளைக்கு (1000ங்கறது மொத ஆளோட பேட்டா, 4800ங்கறது இன்னொருத்தரோட வாடகை 4000 பிளஸ் பேட்டா 800):

14x + 1000 = 9x + 4800

5x = 3800, x = 760. அதாவது 760க்கு மேல ஓடினாதான் 9 ரூபா லாபம்.

இதோட முடியல, அந்த மினிமம்னு ஒண்ணு இருக்கே. ரெண்டு நாளைக்கு 500 கிலோமீட்டர், நீங்க 100 ஓடினாலும் 499 ஓடினாலும் 7,000 பிளஸ் பேட்டா 1,000, ஆக 8,000தான். அதுவரைக்கும் கோடு படுத்தே கிடக்கும், 500க்கு அப்புறம்தான் ஏறும். 8000 = 9x + 4800னு போட்டா x கிட்டத்தட்ட 355. ஆக கம்மியா ஓடினா 9 ரூபாக்காரர் சீப்பு, ரொம்ப ஓடினாலும் அவரேதான் சீப்பு, 355ல இருந்து 760 வரைக்கும் மட்டும் 14 ரூபாக்காரர். ரெண்டு கோடு ரெண்டு எடத்துல வெட்டிக்கும்னு நானே எதிர்பாக்கல!

மேப்ல நம்ம ரூட் 430 காட்டுச்சு. ஷெட்ல இருந்து ஷெட் வரைக்கும் கணக்குங்கறதால ஒரு 30 சேத்து 460. 9 ரூபா வண்டின்னா 8,940, 14 ரூபா வண்டின்னா 8,000. அதுலயும் 40 கிலோமீட்டர் சும்மா கிடக்குது, அத விடுவானேன்னு கஞ்சனூர் முடிச்சு அணைக்கரை வழியா கங்கைகொண்ட சோழபுரத்தையும் பாத்துட்டு வந்துட்டோம். கடைசில மீட்டர் 512 காட்டுச்சு, பில்லு 8,168. 9 ரூபா வண்டில போயிருந்தா 9,408 ஆயிருக்கும். மச்சான் கணக்கு பாத்துட்டு ஒண்ணும் பேசல, டிரைவருக்கு டீ மட்டும் வாங்கிக் குடுத்தாரு.

புக் பண்றவங்க ஒண்ணு கேட்டுக்கோங்க, நாள்னா 24 மணி நேரமா இல்ல ராத்திரி 12க்கு 12ஆன்னு. எங்களுக்கு 12க்கு 12. ரெண்டாம் நாள் 12 தாண்டியிருந்தா மூணு நாள் கணக்காகி மினிமமே 750, பேட்டாவோட 12,000 ஆயிருக்கும், அதனால தஞ்சாவூர்ல டிபன் சாப்பிடும்போதே எல்லாரையும் வெரட்டிக்கிட்டே இருந்தேன்.