350-க்கு சிலிண்டர் ஹெட் வாங்கப் போகிறீர்களா? முதலில் வார்ப்பு எண்ணைக் கேளுங்கள்

"350 இன்ஜினுக்கு வந்த ஹெட் எதுவானாலும் 350-க்குப் பொருந்தும்" என்று சொல்பவரிடம் ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள். 350 என்பது செவ்ரலேயின் 350 கன அங்குல V8 இன்ஜின்; ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் பாகம்; வார்ப்பு எண் அதை வார்க்கும்போதே அதில் பதியும் எண். என் 1969 செவ்ரலே கமாரோ காருக்காக ஹெட் தேடிய நாட்களில் ஓஹையோவிலும் இந்தியானாவிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போல்ட் துளைகள் பொருந்தும், உண்மைதான். மற்றது எதற்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது, எக்ஸாஸ்டில் வெள்ளைப் புகை. ஹெட்டைக் கழற்றினால் உள்ளே இருந்தவை 882 என்று முடியும் எண் கொண்டவை. எழுபதுகளின் நடுவில் வந்த, மெல்லிய வார்ப்பு, விரிசலுக்குப் பெயர்போன ஹெட்டுகள். முந்தைய உரிமையாளர் எப்போதோ மாற்றியிருக்கிறார். மெஷின் ஷாப்பில் காந்தத் தூள் சோதனை செய்தபோது இரண்டிலுமே விரிசல் தெரிந்தது. பழுதுபார்க்க ஆகும் செலவுக்குப் புதிதே வாங்கலாம் என்றார்கள். நேர்மையான பதில்.

முதல் ஆசை அந்தக் காலத்து ஹெட்டுகள்தான். முன்முனையில் இரட்டைத் திமில் அடையாளம் கொண்டவை. காருக்கு இயல்பாக இருக்கும், எரிஅறையும் 64 சிசிதான். இந்தியானாவில் ஒருவர் "186, 1969 மாடல்" என்று விளம்பரம் செய்திருந்தார். 186 என்பது வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள். வால்வு கவரைக் கழற்றி வார்ப்பு எண்ணைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். "திமில் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?" என்றார். தொலைபேசியில் மீண்டும் கேட்டபோது 186 என்று உறுதியாகவே சொன்னார். அரை நாள் ஓட்டிப் போய், அவர் ஷெட்டில் நானே கவரைக் கழற்றினேன். 3782461. அதாவது 461.

திமில் அடையாளம் இரண்டிலும் ஒன்றுதான், எண்தான் வேறு. 461 அறுபதுகளின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதன் முனையில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டைப் பிடிக்கும் துளைகள் இல்லை. 1969-இல் செவ்ரலே நீளமான வாட்டர் பம்ப்புக்கு மாறியது. ஆல்டர்னேட்டரை ஹெட்டின் முனையிலேயே பொருத்தத் தொடங்கியது. 186-இல் அந்தத் துளைகள் உண்டு. என் காருக்கு அவை இல்லாமல் முடியாது. "வேறு பிராக்கெட் விற்கிறார்களே" என்று அவர் சொன்ன சமாதானம்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. விற்பவர் தவறான எண்ணைச் சொன்னதற்கு வாங்குபவர் ஏன் பிராக்கெட்டும் புல்லியும் சேர்த்து வாங்க வேண்டும்? வெறுங்கையோடு திரும்பினேன்.

பழைய ஹெட் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1971-க்கு முந்தையவை ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய பெட்ரோலில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் சீட் தேய்ந்து உள்வாங்கும். கடினப்படுத்திய சீட் வளையங்கள் ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உதிரிபாகக் கடை. கவுண்டரில் இருந்தவர் என் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) எது, பிஸ்டன் எது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் 220 சிசி இன்டேக் போர்ட் (காற்று உள்ளே போகும் வழி) கொண்ட ஹெட்டைத் தூக்கி மேசையில் வைத்தார். பெரிய போர்ட் என்றால் பெரிய சக்தி என்பது அவர் கணக்கு. தெருவில் ஓடும் 350-இல் அவ்வளவு பெரிய போர்ட் வைத்தால் குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் விழுந்துவிடும்; சிக்னலில் இருந்து கிளம்பும்போது இழுவையே இருக்காது. இத்தகைய இன்ஜினுக்கு 180 சிசி அளவே நிறைவாகப் போதும்.

கம்ப்ரஷன் கணக்கையும், அதாவது சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதையும், அவர் கேட்கவில்லை. நானே தாளில் போட்டுப் பார்த்தேன். 4.00 அங்குல போர், 3.48 அங்குல ஸ்ட்ரோக், தட்டைத் தலை பிஸ்டனில் வால்வுக் குழி 6 சிசி, கேஸ்கட் 0.041 அங்குலம், பிஸ்டன் பிளாக்கின் மேல்தளத்துக்கு 0.025 அங்குலம் கீழே. 64 சிசி எரிஅறை என்றால் ஏறத்தாழ 9.5. பழைய 882-இன் 76 சிசி என்றால் 8.5-க்குச் சற்றுக் கீழே. எரிஅறை அளவு ஒன்று மட்டும் இவ்வளவு மாற்றுகிறது! கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கை நீங்களும் போட்டுவிடுங்கள்.

வோர்டெக் ஹெட்டுகளையும் யோசித்தேன். 1996 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் டிரக்குகளில் வந்தவை; அந்த விலைக்குக் காற்றோட்டம் அருமை. ஆனால் இன்டேக் மேனிஃபோல்டைப் பிடிப்பவை 8 போல்ட்டுகள், பழையதில் 12. ஆகவே மேனிஃபோல்டை மாற்ற வேண்டும்; ராக்கரும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) வால்வு கவரும் வேறு வகை என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டும். வால்வு லிஃப்டும் (வால்வு திறக்கும் உயரம்) அரை அங்குலத்துக்கு எட்டாது. விட்டுவிட்டேன்.

கடைசியில் அலுமினிய ஹெட்: 64 சிசி எரிஅறை, 180 சிசி போர்ட், முனையில் துளைகளும் உண்டு. நேரான பிளக் கொண்டதையே கேட்டு வாங்கினேன், ஏனென்றால் சாய்ந்த பிளக் சில ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாய்களில் இடிக்கும். ஆர்டர் செய்யும்போது என்னுடையது ஹைட்ராலிக் ஃபிளாட் டாப்பெட் கேம் (தட்டையான டாப்பெட் மேல் உரசி ஓடும் வகை) என்று எழுத்திலேயே கொடுத்தேன். வந்ததோ ரோலர் கேமுக்கான, அதிக இறுக்கமுள்ள ஸ்பிரிங் பூட்டிய ஹெட்.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணை நம்பிப் பூட்டியிருந்தால் புதிய கேமின் முகடுகள் தொடக்க ஓட்டத்திலேயே தேய்ந்து, இரும்புத்தூள் எண்ணெயில் கலந்து பேரிங் வரை போயிருக்கும். மெஷின் ஷாப்பில் ஸ்பிரிங்கை அளக்கச் சொன்னேன். வால்வு மூடிய நிலையிலேயே 140 பவுண்டுக்கு மேல். என் கேமுக்கு அது மிக அதிகம். விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டால் "எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் ஹெட்டைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார், அனுப்பும் செலவு என் பொறுப்பாம். கேம் தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஸ்பிரிங்கை நானே வாங்கி மாற்றிக்கொண்டேன்.

பூட்டியது சிக்கலில்லாமல் முடிந்தது. இரண்டு விஷயங்கள் மட்டும்: இந்த இன்ஜினில் ஹெட் போல்ட்டுகள் நீர்ப்பாதைக்குள் இறங்குகின்றன, திருகுகளில் சீலன்ட் பூசாவிட்டால் கூலண்ட் ஏறிவரும். அலுமினியத்தின் மேல் போல்ட் தலை பதியாதிருக்கக் கடின வாஷர் கட்டாயம். புஷ்ராட் (கேமின் அசைவை ராக்கருக்குக் கடத்தும் கம்பி) நீளத்தையும் அளந்துவிடுங்கள், பழையதே சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இப்போது வண்டி கீழ்ச்சுழற்சியிலேயே இழுக்கிறது, கூலண்ட் ஒரு சொட்டுக் குறையவில்லை, 93 ஆக்டேனில் தட்டும் சத்தமும் இல்லை. அத்தனை எரிச்சலுக்கும் நடுவில் அந்த முதல் ஓட்டம் தந்த மகிழ்ச்சி பெரிது. ஸ்பிரிங் பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. ஆர்டரில் நான் எழுதிய வரியும் மெஷின் ஷாப் அளவுத் தாளும் கையில் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். விடப்போவதில்லை.