"இன்னைக்கு வேணாம்ணே"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடை அண்ணன் என்னைப் பார்த்ததுமே தே தாரிக் (நுரை பொங்க இழுத்து ஆற்றும் பால் டீ) ஆற்றத் தொடங்கிவிட்டார்.

"இன்னைக்கு வேணாம்ணே."

கை அப்படியே நின்றது. "ஏன்மா, உடம்பு சரியில்லையா?"

பையிலிருந்த பிளாஸ்க்கைக் காட்டினேன். சிரித்துவிட்டு, ஆற்றியதைப் பின்னால் நின்ற தம்பிக்குக் கட்டிக் கொடுத்தார். அதுவரை எனக்கு மனசு கேட்கவில்லை.

நேற்றிரவுதான் கணக்குப் போட்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறும் முன் ஒன்று. ஒன்று 2.50 வெள்ளி (ரிங்கிட்). மாசம் 22 வேலை நாளுக்கு 110. வருஷத்துக்கு 1,320 வெள்ளி!

மகளின் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கில் மாசம் 50 வெள்ளிக்கு மேல் போட முடியவில்லை என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன். (அந்தச் சேமிப்புக்கு வருமான வரிக் கழிவும் உண்டு.) அந்தக் காசெல்லாம் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில்தான் தினமும் போயிருக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் அம்மா, மைலோ டின்னில் 20 காசு, 20 காசாகப் போட்டு வைப்பார். பள்ளி திறக்கும்போது அதைக் கவிழ்த்துத்தான் எனக்குச் சப்பாத்து வாங்குவார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை மட்டும் வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். கட்டிக்கொண்டு ஓடாமல், உட்கார்ந்து, கண்ணாடி கிளாசில்.

மீதி 100 வெள்ளி மகளுக்கு.