கூட்டை விடாத ரைஃபிள்

உரிமம் பெற்று வைத்திருக்கும் என் .22 (0.22 அங்குல விட்டக் குண்டு) லீவர் ரைஃபிளில், கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும் கைப்பிடியான லீவரை முழுதாக இழுத்தாலும் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள்ளேயே தங்கிவிடத் தொடங்கியது. சுமார் 1 மி.மீ. தடிமனே உள்ள கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, அதன் கொக்கி முனை மழுங்கிப் பளபளத்தது. ஆனாலும் முதலில் அறையைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். குண்டின் மேல் பூசிய மெழுகும் மருந்துக் கரியும் சேர்ந்து இறுகினால் புதுக் கொக்கியும் வழுக்கிவிடும். கொக்கியை அழுத்தும் ஸ்பிரிங்கும் நாளடைவில் தளர்வதால், இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஓசூரில் கைதேர்ந்த லேத் பட்டறைகள் எத்தனையோ இருந்தாலும், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்பதால், அந்த உரிமம் உள்ளவரிடமே கொடுத்து, வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாக்களை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லி வாங்க வேண்டும்.