வெளியே போக ஊரே வழி சொல்லும், உள்ளே கூட்டி வர?

கிளிநொச்சியில் லண்டனுக்கு எப்படிப் போவது என்று கேட்டால் தேநீர்க் கடைக்காரரே விவரம் சொல்வார். கனடா ஸ்பொன்சர், பிரான்ஸ் குடும்ப விசா, துணையைக் கூப்பிட டென்மார்க் வைத்த 24 வயதுச் சட்டம் எல்லாம் எங்கள் ஆட்களுக்குத் தலைகீழ்ப் பாடம். வெளிநாட்டுக்காரரான கணவரை வன்னிக்குக் கூட்டி வருவது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "ஏன் பிள்ளை, அவர் உன்னை அங்கே கூப்பிட மாட்டாரா?" என்பார்கள். அவர் இந்தியர், திண்டுக்கல்காரர் என்றதும் அடுத்த கேள்வி வரும்: "இழுவைப் படகுக்காரரோ?" திண்டுக்கல்லில் கடலே இல்லை என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது!

இதே நிலையில் வன்னியில் இன்னும் பல குடும்பங்கள் இருப்பதால் எழுதுகிறேன். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் வளர்ந்து, அங்குள்ளவரையே மணந்து, ஊர் திரும்ப நினைப்பவர்கள். நானும் அம்மாவும் 2019இல் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் திரும்பினோம். அந்த ஏற்பாடு அகதியாகப் பதிந்தவர்களுக்கு. இந்தியக் குடிமகனான மாப்பிள்ளைக்கு அதில் இடமில்லை. அவருடைய வழியை நாங்களே தேட வேண்டியிருந்தது.

கையில் இருந்த வழிகள் மூன்று. முதலாவது, இணையத்தில் எடுக்கும் ஈடிஏ என்ற சுற்றுலா அனுமதி. 30 நாள் தருவார்கள், நீடித்து நீடித்து ஆறு மாதம் வரை இழுக்கலாம். இரண்டாவது, இலங்கையரின் வாழ்க்கைத் துணைக்கான வதிவிட விசா. மூன்றாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்து பிரசையாவது. அதற்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு வருடம் தொடர்ச்சியாக இங்கே வதிந்திருக்க வேண்டும். ஆகவே மூன்றாவது வாசலுக்கு இரண்டாவது வாசலைத் தாண்டித்தான் போக முடியும்.

நாங்கள் விசாரித்த முகவர் ஒருவர், "சுற்றுலாவில் வரட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்வரட்டும். என்ன குறை?" என்றார். குறை நிறைய இருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்தவர் வேலை செய்ய முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்வரும் காசில் கிணற்றுக்கு மோட்டார் போட்டுவிடலாம். வந்த பிறகு இங்கேயே விசாவை மாற்றிக்கொள்ளலாமே என்றும் சொல்வார்கள். அதற்கும் தனியாக அனுமதி கேட்டு, பதில் வரும்வரை காலாவதித் தேதியை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும். முகவருக்கு ஒவ்வொரு நீடிப்பிலும் ஒரு தொகை கிடைக்கும் என்பது அவர் பேச்சின் உற்சாகத்திலேயே தெரிந்தது. வதிவிட விசாவுக்கே நேராகப் போவது என்று முடிவெடுத்தோம். மெதுவான வழிதான், ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு வாசல் இருக்கிறது.

கல்யாணத்தை எங்கே பதிவது என்பது அடுத்த குழப்பம். 2022 ஜனவரியில், வெளிநாட்டவரை இங்கே மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்தது. கல்யாணத்துக்கு ஐயரைத் தேடலாம், பாதுகாப்பு அமைச்சை எங்கே தேடுவது? இந்தியாவிலேயே பதிவோம் என்று கிளம்பினேன். (நீங்கள் இங்கே பதிவதானால் இன்றைய நடைமுறையை மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உறவினர் சொன்னதை நம்பி நாள் வைக்காதீர்கள்.)

அங்கே ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் என் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்ததுமே எழுத்தர் கைகழுவிவிட்டார். கோயிலில் தாலி கட்டிய படம், ஐயரின் ரசீது எதுவும் எடுபடவில்லை. வெளிநாட்டவர் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் என்றார். அந்தச் சட்டத்தில் முதலில் அறிவித்தல் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியாவுக்கான இ-விசாவிலும் 30 நாள் வகை ஒன்று உண்டு, மலிவு என்று பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். விமானம் இறங்கிய அன்றே அறிவித்தல் கொடுத்தாலும் கணக்கு உதைக்கும். எனக்கு ஒரு வருட வகையை எடுக்கச் சொன்னது முகாமில் கூடப் படித்த தோழி. அவளுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

எனக்கு இன்னமும் வயிறு எரிவது அடுத்த கட்டத்தை நினைத்தால்தான். இந்தியாவில் எடுத்த விவாகச் சான்றிதழ் இங்கே செல்லுபடியாக வேண்டுமென்றால் அத்தாட்சி வேண்டும். அங்கே ஒரு முகவர், "அப்போஸ்டில் போட்டால் உலகம் முழுக்கச் செல்லும்" என்று பணம் வாங்கி, சான்றிதழின் பின்பக்கத்தில் இலக்கமிட்ட ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்போஸ்டில் என்பது ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் அத்தாட்சி. அந்த உடன்படிக்கையில் இந்தியா 2005இலிருந்து இருக்கிறது. நாங்கள் அலைந்த காலத்தில் இலங்கை அதில் இல்லை. அப்படியென்றால் அந்த ஸ்டிக்கர் இங்கே வெறும் அலங்காரம். நமக்குத் தேவை வேறு சங்கிலி: முதலில் தமிழ்நாட்டு அரசின் அத்தாட்சி, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சின் சாதாரண அத்தாட்சி, அதன்பின் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தின் முத்திரை. முகவரிடம் திரும்பப் போய்க் கேட்டபோது, "லங்கா என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார். என் கடவுச்சீட்டின் பிரதி அவர் மேசையில் அவர் தேநீர்க் குவளைக்கு அடியில் கிடந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம், பணமும் முதலிலிருந்து கொடுத்தோம்.

முத்திரைகள் எல்லாம் பின்பக்கத்தில்தான் விழும். போட்டோப்பிரதி எடுக்கும்போது இரண்டு பக்கத்தையும் எடுங்கள். முன்பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்த் திரும்பியவர் ஒருவரை இரவு பஸ்ஸில் சந்தித்தேன். மாங்குளம் வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

பெயர் விவகாரமும் உண்டு. தமிழ்நாட்டில் தந்தை பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். கணவரின் கடவுச்சீட்டில் அதே தந்தை பெயர் நீட்டி எழுதப்பட்டுப் பின்னால் போயிருந்தது. என் பெயரோ முகாம் பதிவில் ஒரு மாதிரி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி. இருவருக்கும் "இப்பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்" என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொண்டோம். யாரும் கேட்கும் முன்பே செய்துவிடுங்கள். கேட்ட பிறகு செய்வதென்றால் இன்னொரு பயணம். போரில் பதிவேடு அழிந்து உத்தேச வயதுச் சான்றிதழோடு இருப்பவர்கள் அதன் மூலப்பிரதியையே கொண்டு போவது நல்லது.

முகாமில் பிள்ளை பிறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கையராக இருந்தாலே பிள்ளைக்கு வம்சாவளிப் பிரசாவுரிமை உண்டு, தகப்பன் எந்த நாடானாலும் சரி. ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பதிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிவது முறை, தாமதித்தால் தண்டப்பணம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினர் இந்தப் பத்திரங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், அவர்களிடம் கேளுங்கள். பிள்ளையின் காகிதத்தை முடிக்காமல் கணவரின் விசாவைத் தொடங்காதீர்கள்.

ஊரில் கிராம அலுவலரிடம் உறுதிக் கடிதம் கேட்டுப் போனேன்.

"உங்கள் கணவர் இங்கே இருக்கிறாரா?"

"இல்லை ஐயா, அவரைக் கூட்டி வரத்தான் கடிதம்."

"இல்லாத ஆளை இருக்கிறார் என்று நான் எப்படி எழுதுவது? வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா?"

இந்தியக் குடிமகனின் பெயர் எங்கள் வாக்காளர் இடாப்பில் எப்படி ஐயா இருக்கும் என்று கேட்டதற்கு, "அப்போ கடிதமும் இருக்காது" என்று அலுமாரியைப் பூட்டிவிட்டார். மறுபடி போனால் கூட்டம், அதற்கடுத்து வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பு. கடைசியில் பிரதேச செயலகத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர்தான் முடிச்சை அவிழ்த்தார். "தங்கச்சி, அவரை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள், உங்களை உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்" என்றார். இவர் இக்கிராமத்தில் வசிக்கிறார், சமர்ப்பித்த விவாகச் சான்றிதழின்படி இவருடைய கணவர் இன்னார் என்று தானே ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தார். அதே கிராம அலுவலர் அதே மேசையில் மறுபேச்சின்றிக் கையொப்பமிட்டார். பிரதேச செயலாளரின் மேலொப்பமும் அன்றே கிடைத்தது. திரும்பும் வழியில் ஒரு ஐஸ்கிறீம் வாங்கித் தின்றேன்.

இதற்கிடையில் இந்தியக் கடவுச்சீட்டு அலுவலகம் கொடுத்த பொலிஸ் நற்சான்று பழையதாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேற்பட்டதென்றால் முகம் சுளிப்பார்கள், ஆகவே அதைக் கடைசியாக எடுங்கள். 2024 ஏப்ரலில் விசா முறையே வேறு மாறி, வெளிநிறுவனங்களின் கைக்குப் போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தி, செப்டெம்பர் முடிவில் பழைய ஈடிஏ திரும்பியது. அந்த மாதங்களில் யாரிடம் எதைக் கேட்டாலும் "கொஞ்சம் பொறுங்கள்" என்பதே பதில். 2022இன் பெற்றோல் வரிசைக்குப் பிறகு பொறுமை எங்களுக்குப் புதிதில்லை.

கொழும்பில் ஓர் அலுவலகத்திலிருந்து குறைநிரப்பக் கேட்டு ஒரு கடிதம் வந்தது, முழுவதும் சிங்களத்தில். பேக்கரிக்காரத் தம்பியிடம் வாசிப்பித்தேன். பதிலைத் தமிழில் எழுதி, அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் 22ஆம் உறுப்புரைப்படி தமிழிலேயே தொடர்பு கொள்ளுமாறு முதல் பந்தியில் கேட்டேன். அடுத்த கடிதம் தமிழில் வந்தது. எழுத்துப் பிழைகள் இருந்தன, இருக்கட்டும்.

வதிவிட விசாவுக்கு முதல் படியான நுழைவு விசா சென்னையில் கிடைத்து, அவர் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கினார். வவுனியாவில் உள்ள குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் கடவுச்சீட்டு வேலைக்கு. வதிவிட விசாவுக்குக் கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் உள்ள தலைமையகத்துக்குத்தான் போக வேண்டும். இரவு பஸ் எடுத்து விடியவே போய்ச் சேர்ந்தோம், வேலை முடிந்தது. அதற்கு முன் கொழும்பில் வதிவிட விசாக்காரருக்கான மருத்துவப் பரிசோதனை உண்டு. காசநோய், எச்.ஐ.வி., யானைக்கால், மலேரியா பார்க்கிறார்கள். 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனம் நம்மை அறிவித்துவிட்டதால் இந்தியாவிலிருந்து வருபவரின் இரத்தத்தைக் கவனமாகவே பார்ப்பார்கள். "உங்கள் ஊர் நுளம்பு என்னைக் கடித்தது கணக்கில் வராதா?" என்று இவர் தாதியிடம் கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

இப்போது விசா கையில் இருக்கிறது. 11ஆம் பிரிவுக்குப் போவதா என்பதில்தான் வீட்டில் இழுபறி. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, வேறு நாட்டுப் பிரசையான நாளிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். பின்னர் வெளிநாட்டுப் பிரசையாகிவிட்ட இந்தியருக்கான ஓசிஐ அட்டை எடுக்கலாம், ஆனால் அதில் வாக்கும் இல்லை, விவசாய நிலம் வாங்கவும் முடியாது. திண்டுக்கல்லில் அவர் பங்குக்கு ஒரு துண்டு முருங்கைத் தோட்டம் இருக்கிறது. மாமியார் அதைப் பிரித்து எழுதிவிட்டுப் பேசலாம் என்கிறார், அதுவும் நியாயம்தான். அதுவரை நீடிப்புதான். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள், கிராம அலுவலரின் கடிதம் ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். அந்த உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்த மாதிரியை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன்.