பாலாற்றங்கரையில் வற்றாத குடம்: மேஜிக் பொருட்களின் ரேரிட்டியை மாற்றி எழுதிப் பார்த்தேன்

வேலூரில் நண்பர்கள் கூடி ஆடும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் விளையாட்டு) ஆட்டத்துக்காக, மேஜிக் பொருட்களின் ரேரிட்டிப் பட்டியலை, அதாவது எது எவ்வளவு அபூர்வம் என்ற பட்டியலைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்து, ஆடியும் பார்த்தாயிற்று. இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நடத்தும் யாருக்கும் உதவலாம் என்பதால் இதுவரை செய்ததைச் சொல்கிறேன்.

2014இல் வந்த டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் காமன், அன்காமன், ரேர், வெரி ரேர், லெஜண்டரி என்று மேலே போகப்போக அரிதாகும் படிகள் போகும். அதற்கும் மேலே ஆர்ட்டிஃபேக்ட். ரேர் என்றால் ஆடுபவரின் பாத்திரம் ஐந்தாம் லெவலை எட்டியதிலிருந்து, வெரி ரேர் பதினொன்றிலிருந்து, லெஜண்டரி பதினேழிலிருந்து. விலையும் அதே படியில் ஏறுகிறது: அன்காமன் 500 பொற்காசு வரை, ரேர் 5,000 வரை. பொருளின் பலம், விலை, எத்தனை கிடைக்கும் என்ற கணக்கு எல்லாவற்றையும் ஒரே படியில் ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு மணி நேரம் பறக்கவைத்துவிட்டுத் தீர்ந்துபோகும் மருந்து வெரி ரேர், நான்கு மணி நேரம் பறக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படும் சிறகு பூட்ஸ் அன்காமன். பலத்தைக் கட்டிவைக்க அதே புத்தகத்தில் நல்ல வழி வேறு இருக்கிறது: ஒருவர் மூன்று பொருளுக்கு மேல் அட்யூன் செய்ய (தன்னோடு பிணைத்துக்கொள்ள) முடியாது. ஆகவே பலத்தை அந்த விதியிடமும் லெவலிடமும் விட்டுவிட்டேன். ரேரிட்டிக்கு நான் வைத்த கேள்வி ஒன்றுதான்: இந்த மண்ணில் இந்தப் பொருள் எத்தனை இருக்க முடியும்?

எங்கள் ஆட்டத்தின் உலகம் வாணியம்பாடி முதல் ஆற்காடு வரை உள்ள பாலாற்றுச் சமவெளி. பெயர்கள் கற்பனை, மண் அதேதான். முதலில் எடுத்தது தண்ணீர் வற்றாத குடம். புத்தகத்தில் அது அன்காமன். கட்டளைச் சொல்லைச் சொன்னால், பெரிய அளவில், ஒரு சுற்றுக்கு 30 கேலன் பீறிட்டு வரும். ஒரு சுற்று ஆறு விநாடி. மணிக்கு 18,000 கேலன், அதாவது சுமார் 68,000 லிட்டர். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும். காவேரிப்பாக்கம் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வரும் தம்பிதான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினான். போட்டு முடித்ததும், “இன்னாண்ணா, இத வச்சினு இன்னும் எதுக்குப் பூதத்தோட சண்ட போட்டுனு இருக்கோம்?” என்று கேட்டான். மணல் மட்டுமே தெரியும் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன் கேட்க வேண்டிய கேள்வி அது. குடத்தை அன்றே லெஜண்டரிக்கு ஏற்றினேன். மொத்த சமவெளிக்கும் ஒன்றே ஒன்று.

அப்புறம் ஆட்டமே குடத்தைச் சுற்றி வந்துவிட்டது. ஆறு விநாடிக்கு ஒருமுறை யாராவது கட்டளைச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஊரில் முறை வைத்து ஆள் போட்டார்கள். மேல்மடைக்காரர்களுக்கும் கடைமடைக்காரர்களுக்கும் எந்த நேரம் யாருக்கு என்ற பேச்சு நீண்டது. அந்தக் குடம் நல்ல தண்ணீரும் தரும், உப்புத் தண்ணீரும் தரும், கேட்பவர் விருப்பம். விதிப்புத்தகத்தில் அது ஒரு சின்ன வரி. தோல் கழிவால் கிணறு உப்பேறிய ஊர்களைப் பார்த்தவர்கள் உட்கார்ந்த மேஜையில் அந்த வரிக்கு வேறு கனம். எதிரி குடத்தைத் திருடி, “உப்பு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். நான் நடத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அதுதான்.

பறக்கும் துடைப்பமும் புத்தகத்தில் அன்காமன். எங்கள் வேலூர்க் கோட்டையின் அகழியை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தால் அது ஏன் ஆகாது என்று புரியும். மராத்தியப் படை 1677-78இல் ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டுத்தான் இந்தக் கோட்டையைப் பிடித்தது. ஊருக்கு நாலு துடைப்பம் இருக்கும் உலகத்தில் யார் இப்படி அகழி வெட்டுவார்கள், யார் ஓராண்டு காத்திருப்பார்கள்? கோட்டைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் பறப்பது அபூர்வமாக இருக்க வேண்டும். துடைப்பம், சிறகு பூட்ஸ் எல்லாம் வெரி ரேருக்குப் போயின.

கத்தி விஷயம் நேர் எதிர். பிளஸ் ஒன் வாள் (தாக்கும்போது ஒன்று கூட்டித் தரும் மேஜிக் வாள்) அன்காமன் என்றிருந்ததைக் காமன் ஆக்கினேன். விஜயநகரம், பிஜப்பூர், மராத்தியர், ஆற்காட்டு நவாப், ஆங்கிலேயர் என்று இத்தனை படைகள் வந்துபோன மண்ணில் நல்ல வாளுக்குப் பஞ்சம் இருக்காது. பிளஸ் மூன்றைத் தொடவில்லை. பொருள் அடக்கும் மாயப் பையில் 500 பவுண்டு வரை போடலாம். அதை ரேருக்கு ஏற்றிவிட்டு, ஐம்பது கிலோ மட்டும் தாங்கும் சின்னப் பை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தேன். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலைப் பார்த்தே வைத்தது. ஆற்காட்டுச் சந்தையில் தேடினால் கிடைக்கும்.

இதெல்லாம் என் மனத்தில் தெளிவானது அமுதசுரபியை நினைத்தபோதுதான். மணிமேகலையில் ஆபுத்திரன் கையில் இருந்தவரை அந்தப் பாத்திரத்துக்கு ஈடே இல்லை. இந்திரன் மழையைக் கொட்டச் செய்து நாடு செழித்ததும் சோறு கேட்டு வர ஆளில்லை. அவன் பசித்தவர்களைத் தேடிக்கொண்டு வேறு நாட்டுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. பாத்திரத்தின் சக்தி ஒரு பருக்கை குறையவில்லை. இதைப் பார்த்து என் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு ரேரிட்டி எழுதினேன், சமவெளிக்கு ஒன்று, ஜவ்வாது மலைக்கு ஒன்று. குடம் கீழே லெஜண்டரி, ஓடை பாயும் மலை ஊரில் ரேர்தான். துடைப்பத்துக்கு இரண்டு இடத்திலும் ஒரே படி.

இன்னும் முடியாதது மருந்து வகை. காயம் ஆற்றும் மருந்து புத்தகத்தில் காமன், 50 பொற்காசு. எங்கள் உலகத்து வேலூரும் நிஜ வேலூரைப் போல வைத்தியத்துக்குப் பல தேசத்து ஆட்கள் வந்து தங்கும் ஊர். செய்பவர்கள் நிறைய, வாங்குபவர்கள் அதைவிட நிறைய. காமன் என்று விட்டால் விலை நிற்காது, அன்காமன் என்றால் வைத்தியர் தெருவே பொய்யாகிவிடும். இப்போதைக்குக் காமன் என்றே வைத்து, நகரத்தில் விலையை மட்டும் இரட்டிப்பாக்கி அடுத்த ஆட்டத்தில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.